கதவை அடைய எத்தனை நிமிடம்? மக்கள் வெளியேறுவதைக் கணினியில் ஒத்திகை பார்க்கும் முறை

தீ விபத்தோ நெரிசலோ நடந்த மறுநாள் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறும் வாக்கியம் ஒன்று உண்டு: "பீதியடைந்த மக்கள் முண்டியடித்துக்கொண்டு ஓடியதில் உயிரிழப்பு நேர்ந்தது." இந்த ஒரு வரி, நடந்ததற்கான பழியை இறந்தவர்கள் மீதே சுமத்திவிடுகிறது. இன்னொரு பக்கம், புதிய அரங்கமோ ரயில் நிலையமோ திறக்கப்படும்போது, "அனைவரும் இத்தனை நிமிடங்களில் வெளியேறிவிடலாம் என்று கணினி ஆய்வில் உறுதியாகியுள்ளது" என்ற அறிவிப்பு வருகிறது. கணினி சொல்லிவிட்டதென்பதால் நாமும் அந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். மனிதர்கள் மீது வேண்டாத சந்தேகம், கணினி மீது வேண்டாத நம்பிக்கை என்ற இரண்டு தவறான எண்ணங்களையும் களைய, அந்த ஆய்வுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது உதவும்.

## பந்திக் கணக்கும் ஓர் உருவகப்படுத்தல்தான்

திருமண வீட்டில் சமையல் பொறுப்பை ஏற்பவர் முதலில் கேட்பது, "எத்தனை பேர் வருவார்கள், பந்திக்கு எத்தனை இலை விழும்?" என்பதுதான். 600 பேர், பந்திக்கு 150 இலை, ஒரு பந்திக்கு 40 நிமிடம் என்றால், நான்கு பந்திகள், ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் என்று அவர் மனத்துக்குள்ளேயே ஒரு திருமணத்தை நடத்திப் பார்த்துவிடுகிறார். ஒரு நிகழ்வை உண்மையாக நடத்தாமல், அதன் விதிகளை எண்களாக்கி நடத்திப் பார்ப்பதுதான் உருவகப்படுத்தல். பேச்சு வழக்கில் சிமுலேஷன் என்கிறோம். அந்த விதிகளின் தொகுப்புக்கு மாதிரி என்று பெயர்.

சமையல்காரர் சொன்னது ஆரூடம் அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். "600 பேர் வந்தால், பந்தி தடையின்றி நடந்தால்" என்ற நிபந்தனைகளோடுதான் அவருடைய விடை நிற்கிறது. முகூர்த்தம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து வந்தால் விடை மாறிவிடும். எவ்வளவு பெரிய கணினியில் செய்தாலும், வெளியேற்ற உருவகப்படுத்தல் தருவதும் இதே வகையான விடைதான்.

கணினியை நாடுவதற்குக் காரணம் எளிது. உண்மையான ஒத்திகையில் புகையை நிரப்ப முடியாது, முதியவர்களைப் படிக்கட்டில் நெருக்கித் தள்ளிப் பார்க்க முடியாது, இன்னும் கட்டப்படாத கட்டடத்தில் ஒத்திகையே நடத்த முடியாது.

## தாளில் போடும் கணக்கு

அதே மண்டபத்தில் 600 பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டர் அகலமுள்ள கதவுகள் இரண்டு இருக்கின்றன. நெருக்கமான கூட்டம் சீராக நகரும்போது, ஒரு மீட்டர் அகலமுள்ள வழியில் விநாடிக்கு ஏறத்தாழ 1.3 பேர் கடப்பார்கள் என்பது தீப்பாதுகாப்புப் பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் அளவு. இரண்டு கதவுகளும் சேர்ந்து 3 மீட்டர், விநாடிக்கு 3.9 பேர். 600 பேரும் கடக்க ஏறத்தாழ 154 விநாடிகள், அதாவது இரண்டரை நிமிடம் ஆகும்.

ஒரு கதவு பூட்டியிருந்தால் நேரம் இரட்டிப்பாகி, ஐந்து நிமிடத்தைத் தாண்டும். இதை எவரும் எதிர்பார்ப்பார்கள். எதிர்பாராதது அடுத்த நிலைதான்: இரண்டு கதவுகளும் திறந்தே இருந்தாலும், மூன்றில் இரண்டு பங்கினர் தாங்கள் உள்ளே வந்த வாசலை நோக்கியே போனால், அந்த 400 பேர் வெளியேற 205 விநாடிகள் ஆகும். பக்கக் கதவு வேலை முடிந்து வெறுமனே திறந்திருக்க, முன்வாசலில் கூட்டம் இன்னும் நின்றுகொண்டிருக்கும். கதவுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு மண்டபம் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. மக்கள் அவற்றுக்கிடையே எப்படிப் பிரிவார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். தாளில் போடும் கணக்கு திணறத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

## தண்ணீர் போலவா, அரிசி போலவா?

கூட்டத்தை வெள்ளத்துக்கு ஒப்பிடுவது நம் வழக்கம். "மக்கள் வெள்ளம்" என்ற சொல்லே இருக்கிறது. இந்த ஒப்புமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். புனலில் தண்ணீரை எவ்வளவு வேகமாக ஊற்றினாலும் அது அடைத்துக்கொள்ளாது. அதே புனலில் அரிசியைக் கொட்டினால், வாயருகே சில மணிகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து, வளைவு போல் நின்று வழியை அடைத்துவிடும். மேலிருந்து அழுத்தினால் அந்த வளைவு இன்னும் இறுகுமே தவிர எளிதில் உடையாது. நெருக்கடியில் கதவருகே நிற்கும் மனிதர்களின் நிலை தண்ணீரைவிட அரிசிக்கே நெருக்கமானது.

கூட்ட ஆய்வில் முதலில் அளக்கப்படுவது அடர்த்தி, அதாவது ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது. ஒரு சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 11 சதுர அடி. ஓர் ஆள் படுக்கும் பாயில் பாதிக்குச் சற்று மேல். அவ்வளவு இடத்தில் ஒருவரே இருந்தால் இயல்பாக நடக்கலாம். நான்கு பேர் ஆகும்போது நடை தேய்ந்து அடிமேல் அடி வைப்பதாகிவிடுகிறது. ஆறு, ஏழு பேரைத் தாண்டினால் தன் விருப்பப்படி நகரும் ஆற்றலையே மனிதர் இழந்துவிடுகிறார். யாரும் தள்ளாமலேயே கூட்டத்துக்குள் அலைகள் எழுந்து ஆட்களைத் தூக்கிச் செல்கின்றன. இத்தகைய நெரிசலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. மார்பு விரிய இடமில்லாமல் மூச்சடைத்து இறக்கிறார்கள். 2022 அக்டோபர் 29 அன்று தென்கொரியத் தலைநகர் சியோலின் இத்தேவோன் பகுதியில், ஏறத்தாழ 3.2 மீட்டர் அகலமே இருந்த சந்தில் 159 பேர் உயிரிழந்தார்கள். அங்கே தீ இல்லை, தப்பியோட வேண்டிய ஆபத்து எதுவும் இல்லை. அந்த இடத்துக்குள் அளவுக்கு மீறி மக்கள் சேர்ந்ததே ஆபத்தாயிற்று.

அரிசி வளைவைக் கணக்காக எழுதியவர்கள் இயற்பியலாளர்கள். டிர்க் ஹெல்பிங், பீட்டர் மோல்னார் ஆகியோர் 1995இல் முன்வைத்தது "சமூக விசை மாதிரி" எனப்படுகிறது. ஒவ்வொரு மனிதரையும் தன் இலக்கு ஒரு பக்கம் இழுப்பதாகவும், சுவர்களும் பிற மனிதர்களும் சற்று விலகச் சொல்லித் தள்ளுவதாகவும் கொண்டு, இந்த இழுப்பும் தள்ளலும் சேர்ந்து அவர் அடுத்த அடியை எங்கே வைப்பார் என்று கணக்கிடுவது இந்த முறை. முன்பின் தெரியாதவர் அருகே வந்தால் நாம் இயல்பாக ஓரடி ஒதுங்குகிறோம் அல்லவா, அந்த ஒதுங்கலைத்தான் இது ஒரு விசையாகப் பாவிக்கிறது.

2000ஆம் ஆண்டில் ஹெல்பிங், இல்லேஷ் ஃபார்காஸ், டமாஷ் விச்செக் மூவரும் இந்த மாதிரியை நெருக்கடிக்கு விரித்தார்கள். ஓர் அறை, 200 பேர், ஒரு மீட்டர் அகலக் கதவு. ஒவ்வொருவரும் விரும்பும் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டியபோது, முதலில் அறை விரைவாகக் காலியாயிற்று. விரும்பும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1.5 மீட்டரைத் தாண்டியதும் நிலைமை தலைகீழாகி, எல்லோரும் இன்னும் வேகமாகப் போக முயன்ற அளவுக்கு வெளியேறும் நேரம் நீண்டது. கதவருகே ஆட்கள் ஒருவரையொருவர் முட்டி வளைவாக நின்றுவிட்டதே காரணம். "வேகம் கூடினால் தாமதம் கூடும்" என்ற இந்த விளைவைப் பின்னர் ஸ்பெயின் ஆய்வாளர்கள் மனிதர்களை வைத்தும், செம்மறியாட்டு மந்தையை வைத்தும் நேரடியாகச் சோதித்தார்கள்.

இதுவரை பார்த்தவற்றில் இரண்டு செய்திகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கதவின் அகலம் ஒரு மேல்வரம்பைத்தான் தருகிறது. அடர்த்தி கூடினால் அந்த வரம்பையும் எட்ட முடியாது. நெரிசலுக்குக் காரணம் மனிதர்களின் குணம் என்பதைவிட இடத்தின் வடிவம் என்பதே பெரும்பாலும் பொருத்தமாக இருக்கிறது.

## கணினிக்குள் நடமாடுபவர்கள்

இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் கூட்டத்தை ஒரு மொத்தமாகக் கொள்வதில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனி முகவராகப் படைக்கின்றன. முகவர் என்பது தனக்கென ஒரு வயது, நடைவேகம், தெரிந்த வழி, புறப்படும் நேரம் ஆகியவற்றைக் கொண்டு, சுற்றிலும் பார்த்துத் தன் அடுத்த அடியைத் தானே முடிவு செய்யும் கணினி மனிதர். சில மென்பொருள்களில் தரை முழுவதும் சதுரங்கப் பலகை போல் 40 சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; ஒரு கட்டத்தில் ஒருவர்தான் நிற்கலாம், அடுத்த கட்டம் காலியாக இருந்தால் நகரலாம். வேறு சிலவற்றில் கட்டங்களே இராது. சமூக விசை போன்ற கணக்கின்படி முகவர்கள் எந்தத் திசையிலும் நகர்வார்கள். முன்னது வேகமாகக் கணக்கிடும், பின்னது நெருக்கடியின் நுட்பத்தைக் கூடுதலாகக் காட்டும்.

மனிதர்களின் முடிவுகள் உறுதியானவை அல்ல என்பதால் மென்பொருள் இடையிடையே தாயக்கட்டையை உருட்டுவது போல் தற்செயலையும் சேர்த்துக்கொள்கிறது. இரண்டு பேர் ஒரே கட்டத்துக்குப் போக விரும்பினால் யார் போவார், யார் எத்தனை விநாடி தாமதிப்பார் என்பதெல்லாம் ஒவ்வொரு முறையும் சற்று மாறும். ஆகவே ஒரே மண்டபத்தை ஒரே ஒருமுறை ஓட்டிப் பார்த்துப் பெற்ற எண்ணுக்கு மதிப்பு மிகக் குறைவு. பலமுறை ஓட்டி, பெரும்பாலான முறை எவ்வளவு ஆயிற்று, மிக மோசமான முறையில் எவ்வளவு ஆயிற்று என்று இரண்டையும் சொல்ல வேண்டும். ஒற்றை எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டுக் காட்டும் அறிக்கையைக் காணும்போது எனக்குக் கவலையே மிஞ்சுகிறது.

## புறப்படும் முன்பே கழிந்துவிடும் நேரம்

பொதுமக்கள் பேச்சில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்தப் பகுதிதான். ஆபத்து என்றதும் மனிதர்கள் மதிகெட்டு ஓடுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். 1950களிலேயே அமெரிக்கச் சமூகவியலாளர் என்ரிகோ குவாரண்டெல்லி, பின்னர் 1963இல் அவரும் சகாக்களும் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிறுவிய பேரிடர் ஆய்வு மையம் என்று இத்துறையில் தொடர்ந்து உழைத்தவர்கள் கண்டது வேறு: கூட்டம் முழுவதும் பீதியில் சிதறுவது அரிது. பெரும்பாலும் மக்கள் நம்ப மறுக்கிறார்கள், அருகில் இருப்பவரிடம் கேட்கிறார்கள், பையை எடுக்கிறார்கள், குழந்தையையும் துணையையும் தேடுகிறார்கள். எச்சரிக்கை கிடைத்ததிலிருந்து உண்மையில் நடக்கத் தொடங்கும் வரை கழியும் இந்த நேரத்தைப் புறப்பாட்டுத் தாமதம் என்று சொல்லலாம். பல கட்டடங்களில் நடப்பதற்கு ஆகும் நேரத்தைவிட இதுவே நீளமாக இருக்கிறது.

பொறியாளர்கள் இரண்டு நேரங்களை அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். புகையும் வெப்பமும் தாங்க முடியாத நிலையை எட்டும் வரை உள்ளது கிடைக்கும் நேரம். ஆபத்தைக் கண்டறிவது, எச்சரிப்பது, புறப்பாட்டுத் தாமதம், நடை, கதவருகே காத்திருப்பு எல்லாம் சேர்ந்தது தேவைப்படும் நேரம். பின்னது முன்னதைவிடப் போதிய அளவு குறைவாக இருந்தால்தான் அந்த இடம் பாதுகாப்பானது. முன்னதைக் கணிக்கத் தீ பரவுவதை உருவகப்படுத்தும் மென்பொருள் வேண்டும்; பின்னதற்கு மக்கள் வெளியேறுவதை உருவகப்படுத்தும் மென்பொருள் வேண்டும்.

2003 பிப்ரவரி 20 இரவு அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், வெஸ்ட் வார்விக் என்ற ஊரின் "தி ஸ்டேஷன்" இசைக்கூடத்தில் இந்த இரண்டு நேரங்களும் மோதிக்கொண்டன. மேடையில் கொளுத்திய வாணவேடிக்கையின் பொறி சுவரில் ஒட்டியிருந்த நுரைப் பஞ்சில் பற்றியது. ஏறத்தாழ அரை நிமிடத்தில் இசை நின்றது. அன்று அங்கே இருந்த தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர் ஒருவரின் காட்சிப் பதிவில், தீயைக் கண்ட பிறகும் முதல் சில விநாடிகள் பலர் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைக் காணலாம். பிறகு பெரும் பகுதியினர் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலை நோக்கித் திரும்பினார்கள். வேறு வழிகளும் இருந்தன. பழகிய வழியைத்தான் கால்கள் தேடின. தீ தொடங்கிய ஒன்றரை நிமிடத்துக்குள் முன்வாசலில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து வழி ஏறக்குறைய முற்றிலும் அடைபட்டது. நூறு பேர் இறந்தார்கள்.

அமெரிக்கத் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் (சுருக்கமாக நிஸ்ட்) இந்த விபத்தை ஆராய்ந்தது. தீயை ஒரு மென்பொருளிலும், மக்கள் வெளியேறியதை வேறு இரு மென்பொருள்களிலும் உருவகப்படுத்தி, கூடத்தின் ஒரு பகுதியை உண்மையளவில் கட்டித் தீ வைத்தும் பார்த்தது. தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருந்திருந்தால் மக்கள் தாக்குப்பிடிக்கக்கூடிய நிலை நீடித்திருக்கும் என்று அதில் தெரிந்தது. அந்தக் கட்டடத்தில் அவை இல்லை. அதன் பின் அமெரிக்கப் பாதுகாப்பு விதித்தொகுப்பில் ஒரு முக்கியமான மாற்றம் வந்தது: இத்தகைய கேளிக்கைக் கூடங்களில் முன்வாசல் பாதிப் பேருக்குப் போதுமானதாக இருந்தால் சரி என்பது மாறி, மூன்றில் இரண்டு பங்கினரைக் கையாளும் அளவுக்கு இருக்க வேண்டும் என்றாயிற்று. தாளில் நாம் போட்ட மூன்றாவது கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பழகிய வாசலைத் தேடுவது மக்களின் தவறு என்று ஒதுக்காமல், அதை மனித இயல்பென்று ஏற்றுக்கொண்டு கதவை அகலப்படுத்தச் சொன்ன அந்த விதி, இத்துறையின் மிக மனிதநேயமான முடிவுகளுள் ஒன்று என்பது என் எண்ணம்.

## நடக்காத ஒன்றைக் கேட்பது

உருவகப்படுத்தலால் மட்டுமே விடை தரக்கூடிய கேள்விகள் "அப்படி இருந்திருந்தால்?" என்ற வகையைச் சேர்ந்தவை. 2001 செப்டம்பர் 11 காலை உலக வர்த்தக மையத்தின் இரு கோபுரங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 17,400 பேர் இருந்தார்கள் என்று நிஸ்ட் மதிப்பிட்டது. விமானம் மோதிய மாடிகளுக்குக் கீழே இருந்தவர்களில் 99 விழுக்காட்டுக்கும் மேலானோர் உயிரோடு வெளியேறினார்கள். அலுவலகங்கள் நிறைந்திராத காலை வேளை அது. கோபுரங்கள் முழுவதும் நிறைந்திருந்தால்? கோபுரத்துக்கு மூன்றே படிக்கட்டுகள். அனைவரும் இறங்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றும், ஏறத்தாழ 14,000 பேர் இறந்திருக்கக்கூடும் என்றும் கணக்கு காட்டியது. மோதலுக்குப் பின் தெற்குக் கோபுரம் 56 நிமிடமும் வடக்குக் கோபுரம் 102 நிமிடமுமே நின்றன. "வெற்றிகரமாக வெளியேறினார்கள்" என்ற செய்திக்குப் பின்னால் படிக்கட்டின் போதாமை மறைந்திருந்ததை இந்தக் கணக்குதான் வெளிக்கொணர்ந்தது.

## கட்டடத்திலிருந்து ஊருக்கு

ஊர் முழுவதும் வெளியேற வேண்டியிருந்தால் கதவின் இடத்தில் சாலைச் சந்திப்பும் பாலமும் வந்துவிடுகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று காலை ஆறரை மணியளவில் சுமத்ரா அருகே கடலடி நிலம் நடுங்கியது. ஆழிப்பேரலை தமிழகக் கரையை எட்ட இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. நாகப்பட்டினத்தில் இல்லாமல் போனது நடப்பதற்கான நேரம் அன்று, எச்சரிக்கைதான். இந்தோனேசியாவின் பாடாங் நகரத்துக்கோ எச்சரிக்கை வந்தாலும் அரை மணி நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம். 2004க்குப் பிறகு ஜெர்மானிய, இந்தோனேசிய ஆய்வாளர்கள் சேர்ந்து அந்நகர மக்களையெல்லாம் முகவர்களாக்கி வெளியேற்றத்தை உருவகப்படுத்தினார்கள்.

அந்த முறையில் ஒரு நுட்பம் உண்டு. முகவர்கள் ஒரே நாளைத் திரும்பத் திரும்ப வாழ்ந்து, முதல் முறை சிக்கிய தெருவை அடுத்த முறை தவிர்த்து, மெல்ல மெல்ல நல்ல வழியைக் கற்றுக்கொள்வார்கள். உண்மையான மனிதருக்கு ஒரே ஒரு முறைதான் வாய்க்கும். ஆகவே அந்தக் கற்றலுக்குப் பின் கிடைக்கும் நேரத்தை, மக்களுக்கு வழி நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் எட்டக்கூடிய நேரமாகத்தான் படிக்க வேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று பாடாங்கில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது மக்கள் வாகனங்களில் கிளம்பிச் சாலைகள் அடைபட்டன. அன்று பேரலை வரவில்லை.

## எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்?

மாதிரி சொல்வதும் உலகம் செய்வதும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சரிபார்ப்பு என்று பெயர். இதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஆய்வு, கதவுக்குச் சற்று முன்னால் ஒரு தூணை நட்டால் அழுத்தம் பிரிந்து வெளியேற்றம் சீராகும் என்று காட்டியது. வியப்பூட்டும் இந்த முடிவு பல இடங்களில் மேற்கோள் காட்டப்பட்டது. செம்மறியாடுகளிடம் நடத்திய சோதனையில் தடுப்பு உதவவும் செய்தது. மனிதர்களை வைத்து ஸ்பெயினில் செய்து பார்த்தபோது அந்தப் பயன் தென்படவில்லை. மாதிரியில் அழகாக வந்த ஒன்றை நம்பி உண்மையான மண்டபத்தில் தூண் எழுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், மாதிரிக்குள் இடும் அளவுகள் எங்கிருந்து வருகின்றன என்பது. நடைவேகம், அடர்த்தி ஆகியவை குறித்த சோதனைகளில் கணிசமானவை இளம் மாணவர்களைக் கூட்டி ஆய்வகத்தில் நடத்தப்பட்டவை. இடுப்பில் குழந்தையோடு வரும் தாயும், மூட்டுவலியோடு படியிறங்கும் பாட்டியும், கைகோத்து வரும் குடும்பமும் அந்த அட்டவணைகளில் அரிதாகவே இருக்கிறார்கள். ஊருக்கு ஊர் பழக்கமும் வேறுபடுகிறது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தையும் ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தையும் சேர்ந்தவர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இரு நாட்டவரையும் ஒரே வடிவப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக நடக்கவைத்து அளந்தார்கள். இந்தியர்கள் முன்னால் நடப்பவருக்கு விடும் இடைவெளி குறைவாக இருந்தது. கூட்டம் நெருங்கியபோது அவர்களுடைய வேகம் ஜெர்மானியர்களுடையதைப் போல் அவ்வளவு குறையவில்லை. ஜெர்மானிய அட்டவணையை அப்படியே எடுத்து நம் ஊர்த் திருமண மண்டபத்துக்குப் பொருத்தினால், திரையில் புள்ளிகள் நேர்த்தியாகத்தான் வெளியேறும். ஆனால் அந்தப் புள்ளிகள் நடப்பது வேறொரு ஊரின் நடையாக இருக்கும்.